கனிசியசுக்காக நடந்தவர்

மத்தியானத் தூக்கத்தால் எழும்பிப் பார்த்தபோது வோக்கர் இடம் மாறி நின்றது.

கனிசியஸ் அதைத் தன் கண்ணில் படாமல் சுவரோரமாகத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார். வாட்டு அற்றன்டன் ஜெயசுதன் முணுமுணுத்துக்கொண்டேதான் தள்ளிவைத்தான். பிடித்து நடக்கிற அந்த நாலுகால் அலுமினியச் சாமானைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். இப்போது அது கட்டிலின் கால்மாட்டில், வாசலைப் பார்த்தபடி நின்றது. அதன் றப்பர்க் கால்களுக்குக் கீழே ஈரம். சீமெந்து நிலத்தில் சின்னச் சின்ன ஈர வட்டங்கள் நாலு நாலாகத் தூண் வரை போய், அங்கிருந்து திரும்பி அவருடைய கட்டிலடிக்கே வந்து முடிந்திருந்தன.

வெளியே கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. விறாந்தை முழுக்கச் சாரல். யாராவது இரவல் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சாமான் இரவல் போவது புதுமையில்லை. சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்பதுதான் புதுமை.

அவர் அங்கே வந்து ஐந்து நாள். குருநகர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து ஒப்பரேசன் செய்திருந்தார்கள். எழுபத்துமூன்று வயதில், வாழ்நாளெல்லாம் ஆடுகிற வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கையால் எதையும் பிடிக்காமல் நின்ற மனிதர், ஒரு வாளித் தண்ணீரில் வழுக்கி விழுந்ததை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. முன்வீட்டு ஓட்டோக்காரப் பெடியன்தான் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தான். பெயரைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போனவன், பிறகு வரவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன செய்வது, அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது.

மனைவி சிசிலியா போய் ஆறு வருடம். ஒரே மகள் லவீனா பிரான்சில், பரிஸ் நகரில்.

ஒப்பரேசனுக்கு அடுத்த நாளே பிசியோ மிஸ் வந்துவிட்டாள். கேதீஸ்வரி என்று பெயர், புத்தூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் மட்டை ஒன்றோடு வந்து அதைக் கட்டிலின் கால்மாட்டில் கொழுவினாள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று நேரம். தூண், யன்னல், வாசல் என்று மூன்று தூரம். நடந்தால் பக்கத்தில் நிற்கிற ஆள் சரி போட வேண்டும்.

“ஒப்பரேசன் நல்லாச் செய்திருக்கினம் ஐயா. இனி உங்கடை கையிலைதான் கிடக்கு. எழும்பாமல் கிடந்தியளெண்டால் ஒவ்வொரு நாளும் கால் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும்.”

“எங்கை பிள்ளை போகும்?” என்று கனிசியஸ் பகிடி விட்டார்.

அவள் சிரிக்கவில்லை. “போயிடும் ஐயா. நான் கனபேரிலை பாத்திட்டன்” என்றாள். பிறகு, “உங்களோடை நிக்கிற ஆள் ஆர்?” என்று கேட்டாள்.

ஒரு காலத்தில் இரண்டு வள்ளமும் பதினாறு ஆட்களும் வைத்து ஆண்டவர் அவர். அவருடைய வீட்டு அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை. ஆளில்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

“வருவினம்” என்றார்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் தொடங்கியது. ஆள் இல்லாதவர்களை ஜெயசுதன் பிடித்து நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆள் இருக்கிறவர்களின் பக்கம் அவன் எட்டிப் பார்ப்பதில்லை. நாற்பது கட்டிலுக்கு அவன் ஒருவன். கனிசியசும் அவனைக் கூப்பிடவில்லை. எழும்பி நிற்க நினைத்தாலே இடுப்புக்குள் கம்பி ஏற்றுகிற மாதிரி நோகும். நோவைக்கூடத் தாங்கலாம். விழுந்துவிடுவேனோ என்கிற பயம்தான் பொல்லாதது, அதை இன்னொருவருக்குச் சொல்லவும் முடியாது.

அன்றிரவு லவீனா தொலைபேசி எடுத்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்கு விசாப் பிரச்சினை தீர்ந்திருந்தது.

“டிக்கற் போட்டிட்டன் அப்பா. மற்ற ஞாயிறு வந்திடுவன். மூண்டு கிழமைதான் லீவு. நீங்கள் நடந்தாத்தான் வீட்டிலை விட்டிட்டு வரலாம். இல்லாட்டி எங்கையேன் இல்லத்திலைதான் சேர்க்கோணும். எனக்கு அது விருப்பமில்லை.”

“இப்பவே நடக்கிறன் பிள்ளை. நீ வரேக்குள்ளை நானே வாசலுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவன்.”

“மெய்யே அப்பா?”

“மெய்தான்.”

போனை வைத்த பிறகு அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெட்கமாக இருந்தது. நாளைக்கு நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் வல்வெட்டித்துறை ஆழ்வாப்பிள்ளை. எண்பத்தொரு வயது, முழங்கால் சில்லு உடைந்தவர். அவருக்கு மகன்மார் மூன்று பேர் முறை வைத்து வந்தார்கள். நேரத்துக்கு நேரம் சாப்பாடு, தோளில் பிடித்து நடை. “குருநகரார், உங்கடை நங்கூரம் இன்னும் தூக்கேல்லையோ?” என்று ஒவ்வொரு தரமும் கனிசியசின் கட்டிலைத் தாண்டும்போது கேட்பார். கனிசியஸ் சிரிப்பார். அவர்கள் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் வந்து ஒரு மணிக்குப் போய்விடுவார்கள். இரும்புக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு நாலு மணி வரை வாட்டில் ஒன்றும் நடக்காது. தாதிமார் தங்கள் அறைக்குள். நோயாளிகள் மருந்து மயக்கத்தில். மீன் குழம்பு மணமும் டெற்றோல் மணமும் கலந்து கட்டில்களுக்கு மேலே தொங்கும், மழை கூரைத்தகட்டில் ஒரே சீராகப் பெய்யும், மூலையில் ஒரு குழாய் சொட்டும், காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘கிளிக்’ என்னும், அந்தக் கிளிக்குகளை எண்ணிக்கொண்டு கிடக்கும்போது தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று கனிசியசுக்குத் தோன்றும். இரவுகூட அப்படி இல்லை. இரவில் எல்லோரும்தான் தனியே. பட்டப்பகலில் தனியே கிடப்பதுதான் பெரிய தனிமை.

வோக்கர் இடம் மாறிய மறுநாள், அந்த நேரத்தில்தான் குரல் கேட்டது.

“அண்ணை நித்திரையோ?”

கட்டிலோரக் கதிரையில் ஒருவர் இருந்தார். கனிசியஸ் வந்த நாளிலிருந்து யாரும் இராத கதிரை. பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோசம்.

“இல்லைத் தம்பி. சும்மா கிடக்கிறன்.”

வந்தவர் யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தார். மழை வெளிச்சம் பின்னால் நின்றதால் முகம் தெளிவாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சாரம். மேலுக்கு ஒன்றுமில்லை, தோள்பட்டை எலும்புகள் தூக்கி நின்றன. அவரிடமிருந்து ஒரு வாசம் வந்தது. நெடுநாள் மடித்து மூலையில் போட்டிருந்த றெக்சின் மெத்தையை விரித்தால் வருமே, அந்த வாசம்.

“எந்தக் கட்டில்?”

“உங்காலைதான்” என்று கையைக் காட்டினார். காட்டிய பக்கத்தில் கட்டில் இல்லை. உடைந்த கட்டில்களை அடுக்கிவைத்த அறையின் கதவு இருந்தது.

“உங்களுக்கு ஆள் ஆரும் வாறதோ?”

“இல்லை அண்ணை. கனகாலம்.”

அந்தக் ‘கனகாலம்’ கனிசியசின் நெஞ்சில் பட்டது. அவர் கதைக்கத் தொடங்கினார். விழுந்ததைச் சொன்னார், மகள் வரப்போவதைச் சொன்னார், ஐந்து நாளாகச் சேர்த்துவைத்திருந்த கதையெல்லாம் சொன்னார். வந்தவர் தலையை ஒரு பக்கம் சரித்து, ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார். அப்படிக் கேட்கிற ஒருவரை கனிசியஸ் நெடுங்காலம் கண்டதில்லை.

“மட்டையிலை ஒண்டும் போடேல்லையே அண்ணை.”

“ஏலாமல் கிடக்குது. நோ.”

“அப்ப உங்களுக்காக நான் நடக்கட்டோ?”

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். கனிசியஸ் சிரிக்கவில்லை. ஒருவருக்காக மற்றவர் நடப்பது அவருக்குப் புதிதல்ல. சிசிலியாவுக்கு முதல்முறை வருத்தம் கடுமையானபோது, சுகமானால் மடு மாதா கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று அவளே நேர்த்தி வைத்தாள். சுகம் வந்தது, கால் வரவில்லை. அவளுக்காக அவர்தான் நடந்தார். பூசைக்குப் போடுகிற அவளுடைய முக்காட்டுத் துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பூநகரி வழியாக, வெயிலில் கால் கொப்பளிக்க நடந்து நேர்த்தியைத் தீர்த்தார். நடந்தது அவர், போய்ச் சேர்ந்தது அவள். அதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

“ஓம்” என்றார்.

“உங்கடை சாமான் ஏதேன் ஒண்டு தாங்கோவன். அப்பதான் உங்கடை நடை.”

தலைமாட்டில் கிடந்த துவாயை எடுத்துக் கொடுத்தார். மற்றவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வோக்கரைப் பிடித்தார். கனிசியஸ் கண்ணை மூடினார். டக். பிறகு கால் இழுபடும் சத்தம். டக். இழுபடும் சத்தம். மழைக்குள் அது தூண் வரை போய்த் திரும்பியது.

முதல்முறையாக அவர் நோவில்லாமல் தூங்கினார். எழும்பியபோது மட்டையில், மத்தியானம், தூண் என்ற இடத்தில், பென்சிலால் ஒரு சரி.

“உங்கடை துவாயைப் போட்டுக்கொண்டு ஆரோ நடந்தவர். உங்கடை ஆளோ?” என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

“ஓம். என்ரை ஆள்தான்” என்றார் கனிசியஸ். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தார். முதலில் மத்தியானம் மட்டும், பிறகு காலையிலும் பின்னேரத்திலும். தூணிலிருந்து யன்னலுக்குப் போனார். கால் இழுபடும் சத்தம் குறைந்தது. முதுகு நிமிர்ந்தது. நடந்து முடிந்ததும் கதிரையில் வந்து இருப்பார், கனிசியஸ் கதை சொல்வார். தகப்பன் கடலுக்குள் போன கதை. லவீனா பிறந்த இரவு. வள்ளம் கவிழ்ந்து விடியும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்த கதை. சொல்லச் சொல்ல மனம் பஞ்சாகியது. மனிதருக்குக் கதைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் யார், எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுக் கெடுத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. கேட்டால் வராமல் விட்டுவிடுவாரோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது.

புதன்கிழமை ஆழ்வாப்பிள்ளைக்கு வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். மகன்மார் சாமான்களைக் கட்டினார்கள். கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு விடைபெற வந்தார்.

“போட்டு வாறன் குருநகரார். இண்டைக்கு யன்னல் மட்டும் சோக்கா நடந்தியள். நான் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்.”

“நானோ?”

“வேறை ஆர்? வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி.”

அவருடைய வெள்ளைச் சேட்டைப் பக்கத்து லாச்சிக்குள் மடித்து வைத்திருந்தார். மகள் வரும் நாளுக்கென்று வைத்தது. ஆழ்வாப்பிள்ளை போன பிறகு கையை நீட்டி லாச்சியை இழுத்துப் பார்த்தார். சேட்டு இருந்தது. அக்குள் இரண்டும் ஈரமாக இருந்தன.

கிழவருக்குக் கண் மங்கல் என்று சொல்லிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். வெறும் இரும்புச் சட்டம். புதிதாக ஒருவரும் வரவில்லை. பகலின் அந்த மூன்று மணித்தியாலம் இன்னும் நீண்டது.

வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி அளக்கிற நாடாவோடு வந்தாள். வலது தொடையைச் சுற்றி அளந்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொருமுறை அளந்தாள். போர்வையைத் தூக்கி இடது காலையும் அளந்தாள்.

“மட்டையிலை யன்னல் மட்டும் நடந்ததெண்டு கிடக்கு. கால் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா.”

கனிசியஸ் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

“மெய்யாத்தான் நடக்கிறியளோ? பிழையெண்டாலும் சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன். இப்ப என்னோடை ஒரு ரெண்டு அடி வையுங்கோவன். நான் பிடிக்கிறன். விழவிடமாட்டன்.”

அவள் கையை நீட்டினாள். நல்ல கை. அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. நான் ஒரு அடியும் வைக்கவில்லை பிள்ளை, எனக்குப் பயம், எனக்கு ஆளும் இல்லை. அவளுக்குப் பின்னால், உடைந்த கட்டில்கள் கிடந்த அறையின் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது.

“இப்பதான் நடந்து களைச்சுப்போனன் பிள்ளை” என்றார்.

அவள் நாடாவைச் சுருட்டினாள். “சனி ஞாயிறு எனக்கு லீவு. திங்கள் வந்து நானே நடத்துவன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போகும் சத்தம் விறாந்தையில் தேய்ந்து மறைந்தது. கூப்பிட நினைத்தார், கூப்பிடவில்லை.

அன்று மத்தியானம் கதை சொல்லத் தொடங்கும்போது ஒன்று நடந்தது. தன் கலியாண நாளைச் சொல்ல வாயெடுத்தார். சிசிலியா கோயில் வாசலில் வந்து இறங்கினாள், உடுத்திருந்தது... உடுத்திருந்தது... நிறம் வரவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் கண்ணுக்குள் நின்ற நிறம்.

“கத்தரிப்பூ நிறம்” என்றார் கதிரையில் இருந்தவர். “தலைப்பிலை மெழுகு விழுந்து கறை. அவ அழுதவ. நான்தான் தேச்சு எடுத்துவிட்டனான்.”

மெழுகுக் கதையை கனிசியஸ் யாருக்கும் சொன்னதில்லை.

சொன்னவர் அன்று யன்னலுக்கு முதுகைக் காட்டி இருக்கவில்லை. கொஞ்சம் திரும்பியிருந்தார். கன்னம் தெரிந்தது, காது தெரிந்தது. கனிசியஸ் மேற்கொண்டு பார்க்காமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தெரிந்த காது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற காது.

சனிக்கிழமை. நாளைக்கு மகள் வருகிறாள். இனிப் பொய் ஓடாது. ஒரு மணிக்கு இரும்புக் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் கனிசியஸ் தீர்மானித்துவிட்டார். நோகட்டும். விழுந்தால் விழட்டும். ஜெயசுதனைக் கூப்பிட்டார். பதிலில்லை. இன்னொருமுறை கூப்பிட்டார். குரல் அடுத்த கட்டில் வரைகூடப் போகவில்லை. சரி, தனியே.

வோக்கர் கால்மாட்டில் நின்றது. முழங்கைகளை ஊன்றி எழுந்து இருந்தார். வேர்வை ஓடியது. கையால் வலது காலைத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே விட்டார். இலேசாக இருந்தது. அவ்வளவு இலேசாக இருக்கக் கூடாது. இடது காலையும் விட்டார். இரண்டு பாதமும் நிலத்தில்.

நிலம் தெரியவில்லை.

குளிர் இல்லை. ஈரம் இல்லை. பாதம் சீமெந்தில் இருப்பதைக் கண் சொன்னது. கால் சொல்லவில்லை. நோவைத் தேடினார். அந்தப் பழைய கம்பி நோவாவது வரட்டும் என்று வேண்டினார். நோவும் இல்லை.

டக்.

தலையைத் தூக்கினார். வோக்கர் கால்மாட்டில்தான் நின்றது. சத்தம் வோக்கருடையது இல்லை. குதிக்கால். செருப்பில்லாத, தடுமாற்றமில்லாத காலடி. அறைக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது.

“என்னத்துக்கு அண்ணை கஷ்டப்படுறியள்?”

“காணும்” என்றார் கனிசியஸ். “காணும் தம்பி. இனி நான் நடக்கிறன். நேர்த்தி முடிஞ்சுது.”

“முடியேல்லையே. இன்னும் வாசலுக்குப் போகேல்லை.”

“என்ரை துவாயைத் தா.”

“தந்தது தந்ததுதான் அண்ணை.” குரலில் கோபமே இல்லை. அன்பு மட்டும் இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இரண்டு கைகள் வந்து அவருடைய கால்களைத் தூக்கி, ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல மெத்தையில் வைத்தன. போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடின. “நீங்கள் படுங்கோ. பிள்ளை வரட்டும். நான் பாக்கிறன்.”

அவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். குனிந்திருந்த முகம் அவருடையது. இந்த வாரம் முழுக்கச் சவரம் செய்து, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கிய தன் முகம்.

கத்தினார். காற்றாடி ‘கிளிக்’ என்றது. குழாய் சொட்டியது. யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணி. இரும்புக் கதவு திறந்தது. ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். பூ, பழம், நனைந்த குடை மணம். கனிசியஸ் தலையை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாசலில் வெள்ளைச் சேட்டோடு ஒருவர் நின்றார். நேராக நின்றார். எதையும் பிடிக்கவில்லை.

ஒரு பெண் விறாந்தையால் ஓடி வந்தாள். கையில் பயணப் பை. தலைமயிரில் நரை. என்ரை பிள்ளை. இவ்வளவு நரைத்துவிட்டாளா.

அவள் வாசலில் நின்றவரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

“அப்பா, சொன்ன மாதிரியே வாசலுக்கு வந்து நிக்கிறியளே அப்பா!”

“நீ வாறாயெண்டால் நான் படுத்தே கிடப்பன்?” என்றார் அவர். கனிசியசின் குரல். விழுவதற்கு முன்னிருந்த குரல்.

ஜெயசுதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற துண்டை நீட்டினான். “கனிசியஸ் ஐயா மாதிரி எல்லாரும் நடந்தால் எங்களுக்கு வேலையே இல்லை அக்கா.”

பிள்ளை, என்று கூப்பிட்டார். சத்தம் வந்தது. மெல்லியதாக, உலர்ந்து, ஆனாலும் வந்தது. அவள் திரும்பவில்லை. இங்கே எத்தனையோ கிழவர்கள், எத்தனையோ பிள்ளைகள். பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் திரும்புவாள். அவருக்குத் தெரிந்த பெயர். அவர் வைத்த பெயர். ஞானஸ்நானத் தொட்டியடியில் அவர்தான் சொன்னார். என்ன பெயர்? கதிரையில் இருந்தவருக்குச் சொன்னார், அது ஞாபகம் இருக்கிறது. என்ன சொன்னார்? ஆண்டவரே. என்ன பெயர்?

“பிள்ளை...”

இந்தமுறை அவளுக்குக் கேட்டுவிட்டது. நல்ல மனம் கொண்ட பெண். தகப்பனை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிலடிக்கு வந்தாள்.

“என்ன ஐயா? தண்ணி வேணுமே?”

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சிசிலியாவின் மூக்கு. கண்ணீர் ஓடியது. நான்தான். அப்பா. நான். உதடு அசைந்தது.

“உந்த ஐயாவுக்கு ஆளில்லை அக்கா” என்று ஜெயசுதன் தூரத்திலிருந்து சொன்னான். “எழும்பவும் மாட்டார்.”

“பாவம்” என்றாள். பையைத் திறந்து ஒரு சொக்லற் பெட்டியை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். குனிந்து, சத்தமாக, காது மந்தமானவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “படுத்துக்கொண்டு கிடக்கக் கூடாது ஐயா. எழும்பி நடக்கோணும். எங்கடை அப்பாவும் உங்களை மாதிரித்தான் விழுந்தவர். இப்ப பாருங்கோ.”

வாசலில் நின்றவர் கனிசியசைப் பார்த்து அன்போடு தலையசைத்தார்.

அவள் ஆறுதலாக அவருடைய முழங்காலைத் தட்டிக்கொடுக்கப் போர்வைக்கு மேலே கையை வைத்தாள். கை கீழே போய் மெத்தையைத் தொட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை; கண் வாசல்பக்கம் இருந்தது, அப்பா காத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் போர்வையை இடுப்பிலிருந்து கால்மாடு வரை ஒரே இழுவையாக நீவிவிட்டு, முனையை மெத்தைக்கடியில் செருகிவிட்டுப் போனாள். போர்வை ஒரு மடிப்பும் இல்லாமல், இடுப்புக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.